வெள்ளிக்கிழமை விரல்

…இதுல என்னங்க தம்பி நியாயம் இருக்கு? கஷ்டப்பட்ட ஜனங்களோட ஒடம்பப் பாத்துக்கன்னு அந்த ஊருக்குப் போனது நானு. இப்ப அங்கேருந்து ஒருத்தி பிளைட் ஏறி என்னையப் பாக்க வர்றா! திருச்சியில டாக்டருக்கா பஞ்சம்? புத்தூர்ப் பக்கம் போனா தடுக்கி விழுந்தா ஆஸ்பத்திரி. இருங்க இருங்க, ஒங்க போர்டு தலகீழா இருக்கு. ம்… இப்ப சரி. பெஞ்சமினா? யாரு, ஒங்க மொதலாளியோட விருந்தாளியா? வரட்டும் வரட்டும். பிளைட்டு எறங்கிருச்சாம், ஆளுங்க வெளில வர இன்னும் கொஞ்ச நேரமாவும்.

எந்த ஊரா? தான்சானியா. ஆப்பிரிக்கா தம்பி. சிரிக்காதீங்க. முப்பத்தோரு வருசம் வையம்பட்டிப் பக்கம் கிராமத்து நர்சா இருந்தவ இந்த ரஷீதா. காட்டுலயும் மேட்டுலயும் நடந்தே போயி தடுப்பூசி போட்டவ. ரிட்டையரானேன், எங்க வீட்டுக்காரரு ரசூலும் மவுத்தாயிட்டாரு, பாலக்கரையில நாலு சொவத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். எம்பொண்ணு இர்பானாதான் எங்கேயோ தேடிப் புடிச்சா, ஒரு டிரஸ்ட்டு. ரிட்டையரான நர்சுங்கள மூணு மாசம் வெளிநாட்டுக்கு அனுப்புவாங்களாம். சம்பளம் கெடயாது, சேவை. பிரஷர் பாக்கணும், சுகர் பாக்கணும், புள்ளைங்கள எட போடணும், வீட்ல என்ன சமைக்கணும்னு சொல்லிக்குடுக்கணும். எனக்கா தெரியாது?

என்ன, சாக்ஸப் பாக்குறீங்களா? மே மாசம் சாக்ஸ் போட்டா தப்பா? உள்ள ஏசி போட்ருக்கான்ல. நாம வெளில நிக்கிறோம்… அது வேற விசயம்.

எங்க விட்டேன்? ஆங், கிளினிக்கு. சின்ன கிளினிக்குதான், தகரக் கூர. நீமான்னு ஒருத்தி, முப்பது வயசு இருக்கும். நான் இங்கிலீஷ்ல சொல்றத அவ அவங்க பாஷைல சொல்லணும். இப்ப வர்றவ அவதான். கெட்டிக்காரி. சுகர்க்காரி எவ வந்தாலும் மூஞ்சியப் பாக்காத, மொதல்ல காலப் பாருன்னு நான்தான் சொல்லிக்குடுத்தேன். சொல்லிக்குடுத்திருக்கவே கூடாது.

மொத வாரம் முப்பது பொம்பளைங்க வந்து உக்காந்தாங்க. ஒருத்தி வெரல நீட்டணுமே! ஊசின்னா அப்படி ஒரு பயம். நம்ம ஊர்ல கசப்பு மருந்த மொதல்ல நாம நக்கிக் காட்டிட்டுத்தான புள்ளைக்குக் குடுப்போம்? அதத்தான் அங்கயும் பண்ணேன். என் வெரலையே குத்தி, மிஷினத் தூக்கிப் புடிச்சேன். நூத்தி முப்பது காட்டும்னு நெனப்பு.

முந்நூத்தி எம்பத்தி ஆறு.

இந்த நீமா இருக்காளே, சத்தம் போட்டு வாசிச்சுட்டா தம்பி! மொத வரிசையிலேருந்து ஒரு கெழவி எந்திரிச்சு வந்தா. எங்கையில இருந்த டீய வாங்கி வெளில ஊத்திட்டுப் போயி உக்காந்துக்கிட்டா.

அதுலேருந்து வாராவாரம் கூட்டம். எதுக்கு? என் நம்பரப் பாக்க! வந்தவளுங்க அப்படியே தங்க வெரலையும் நீட்டிட்டுப் போனாளுங்க. பதினோரு பேருக்கு சுகர் இருக்குன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. டிரஸ்ட்டுல ஆகா ஓகோன்னு எழுதுனாங்க. நான் என்னத்தக் கண்டேன்? சோத்தக் கண்ணுல காட்டல. மக்காச்சோளக் களி, கீரை. ஆட்டோ கெடயாது, எங்க போனாலும் நட. ஊருக்குக் கெளம்புறப்ப நூத்தி முப்பத்தெட்டு.

அப்ப நீமா கையப் புடிச்சுக்கிட்டா. வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம மிஷின போட்டோ புடிச்சு வாட்ஸப்ல அனுப்பணும்னு சத்தியம் கேட்டா. நானும் அழுதுக்கிட்டே பண்ணிக்குடுத்தேன். அழுவறப்ப யாருங்க யோசிக்கிறா?

இங்க வந்து எறங்குனா ஒரே கல்யாணம். எங்க சொந்தத்துல மட்டும் ஏழு. பிரியாணிய வேணாம்னு சொல்ல முடியுமா? மாப்ள வீட்ல தப்பா எடுத்துக்குவாங்க. மொத வெள்ளிக்கிழம குத்திப் பாத்தா முந்நூத்தி பத்து. அங்க முப்பது பேரு போனப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காளுங்க. அத எப்படி அனுப்புறது, சொல்லுங்க? பக்கத்து வீட்டு செல்லக்கிளிக்கு நாள் பூரா ஜிலேபி குடுத்தாலும் ஒண்ணும் ஏறாது. குடுத்து வெச்ச ஒடம்பு. "ஒரு சொட்டு குடு புள்ள"ன்னேன். நூத்தி நாலு. அனுப்பிட்டேன். அங்கேருந்து ஒரே கைதட்டுற பொம்மையா வந்து விழுது.

எட்டு மாசம் ஆச்சு. எந்த வெரல்னு அவளே மாத்தி மாத்திக் குடுப்பா, பாவம்.

அத அங்க கிளினிக் சொவத்துல வரிசையா எழுதி ஒட்டிருக்காளுங்க தம்பி. நூத்தி நாலு, தொண்ணூத்தி ஒம்போது, நூத்தி ஒண்ணு… ரஷீதாவால முடியுதுன்னா நம்மளால முடியாதான்னு அவளுங்களும் கொறச்சுட்டாளுங்க. டீய ஊத்துனாளே, அவ நூத்தி அம்பதுக்கு வந்துட்டா. எம்பொய்யப் பாத்து அவளுங்க நெசமாவே கொறச்சுட்டாளுங்க. டிரஸ்ட்டுல என்ன பண்ணிட்டாங்க, ரஷீதா எப்படிச் சாப்புடுறாங்க, எப்படி நடக்குறாங்கன்னு நேர்ல கத்துக்கிட்டு வான்னு நீமாவ அனுப்பிட்டாங்க. ஒரு மாசம். என் வீட்ல. என் அடுப்படில!

இன்னைக்கு என்ன கெழம? வெள்ளி. செல்லக்கிளி எங்க? மணப்பாறையில. மகளுக்குப் பிரசவம், புதன்கெழமயே போயிட்டா. புள்ள பெக்க இந்த வாரந்தான் கெடச்சுதா?

தம்பி… ஒங்களுக்கு சுகர் இருக்கா? இல்லல்ல? பாத்தாலே தெரியுது. காலைல என்ன சாப்ட்டீங்க? இட்லியா? இட்லி பரவால்ல. மிஷின் பையிலதான் இருக்கு. புது ஊசி, சத்தியமா புது ஊசி, ஒங்க கண்ணு முன்னாடியே பிரிக்கிறேன். எறும்பு கடிக்கிற மாதிரிதான். நம்பரு உள்ளயே பதிஞ்சு நிக்கும், அவ வந்தா அத அமுக்கிப் பாப்பா… அட, எதுக்குப் பின்னாடி போறீங்க? போர்ட இப்படிக் குடுங்க, நான் புடிச்சுக்கிறேன், வெரல மட்டும்…

சரி, வேணாம், வைக்கிறேன். உள்ள வச்சுட்டேன், பாருங்க.

சாக்ஸ் ஏசிக்கு இல்ல தம்பி. எடது கால் கட்ட வெரல்ல புண்ணு. ரெண்டு மாசமா ஆறல. வலி இல்ல. வலி இல்லாததுதான் எனக்குப் பயமா இருக்கு. எங்க வீட்டுக்காரருக்கும் வலிக்கல. அவரும் சாக்ஸ் போட்டாரு. நர்சு வீட்ல, நர்சுக்குத் தெரியாம! மொதல்ல வெரல எடுத்தாங்க. அப்பறம் பாதம். அப்பறம் முட்டி வரைக்கும். அப்பறம் அவரே போயிட்டாரு. ஊருல இருக்குற காலெல்லாம் பாத்தேன், அவரு கால மட்டும் பாக்காம விட்டுட்டேன். இர்பானாகிட்ட இந்தப் புண்ணச் சொல்லல. ஒங்ககிட்டதான் மொதல்ல…

தம்பி?

தம்பீ… போயிட்டாரு. போர்ட எங்கையில விட்டுட்டே போயிட்டாரு. அந்தப் பெஞ்சமின் வந்தா நான் எங்க கூட்டிட்டுப் போறது?

கதவு தெறக்குது. யா அல்லா, அவதான். நீமா! இங்க, இங்க! ஏன்டியம்மா, அதுக்குள்ள மூஞ்சில சிரிப்பக் காணோம்? இங்க மேல பாரு, நல்லாத்தான இருக்கேன்? பெட்டிய ஏன் நடு வழியில விட்டுட்டு வர்ற? எல்லாரும் பாக்குறாங்க, இப்படித் தரையில உக்காராத… எந்திரி புள்ள… வீட்ல போயிப் பாத்துக்கலாம்…

சரி. சரி, கழட்டுறேன்.