இரண்டு குதிகாலும் தரையில்

மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தால் இரண்டு குதிகாலும் தரையில் படவேண்டும் என்று ஒருத்தி ஆசைப்படுவதில் தப்பே இல்லை. காலை நேரத்தில் கரியாஹாட் சிக்னலில் நின்று பார்த்தால் தெரியும். ஒரு பக்கம் மினிபஸ் உரசும், இன்னொரு பக்கம் ஆட்டோ மூக்கை நுழைக்கும். அந்த நெரிசலில் கனமான வண்டியை நுனிக்காலில் தாங்கிக்கொண்டு நிற்பது லேசான காரியம் இல்லை. என் தங்கை மாதங்கி குள்ளம். நான் ஆறடிக்கு மேல்.

வண்டி என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு செக்டர் ஃபைவில் கால் சென்டர் வேலைக்குச் சேர்ந்தபோது, ராத்திரி ஷிஃப்டுக்குப் போய்வர என்று அப்பா வாங்கிக் கொடுத்தது. ஷோரூமில் என்னை உட்காரவைத்து, என் காலுக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினார். பிறகு அந்த வேலையையும் விட்டேன். ராத்திரி விழித்திருப்பதும் பகலில் தூங்குவதும் மட்டும் என்னை விடவில்லை.

மாதங்கிக்கு பேங்கில் ஆபீசர் வேலை கிடைத்தது. பாருய்பூர் பக்கம் பிராஞ்ச். பாலிகஞ்சிலிருந்து டிரெயினில் போய்விடலாம். ஆனால் கடன் கேட்டவர்களைப் பார்க்க ஊர் ஊராகச் சுற்றவேண்டும் என்றாள். அப்பா எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த என் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"வேலைக்குப் போறவாளுக்குத்தானேடா வண்டி. தூங்கறவனுக்கு எதுக்கு?"

"தாதா, கோச்சுக்காதே. சண்டேல நீ எடுத்துக்கோ" என்றாள் மாதங்கி. சின்ன வயதிலிருந்தே என்னை அண்ணா என்று கூப்பிட்டதில்லை. பள்ளிக்கூடத்து வங்காளிப் பெண்களைப் பார்த்துத் தாதா என்று பழகிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் எடுத்துக்கொள்ளலாமாம்.

வண்டியை அவள் உயரத்துக்கு இறக்கித் தர முடியுமா என்று கேட்டபோது உடனே சரி என்றேன். மெக்கானிக் பிஷு தாவின் கராஜில் பொழுது போகாமல் போய் உட்கார்ந்து வேலை பழகியிருந்தேன். பின்னால் கட்டையான ஷாக் அப்சார்பர் போட்டேன். முன் ஃபோர்க்கைக் கிளாம்பில் மேலே தள்ளி இறுக்கினேன். சைடு ஸ்டாண்டை அறுத்து, குறுக்கி, வெல்டு வைத்தேன். அவள் ஆபீஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். முன்பாதம் பட்டால் போதும் தீதி, இதற்கு மேல் இறக்க வேண்டாம் என்று பிஷு தா சொன்னார். அவள் கேட்கவில்லை. குதிகால் முழுசாகப் பதியவேண்டும் என்றாள். பதியவைத்தேன். அப்படியானால் சென்டர் ஸ்டாண்டு இருக்கக்கூடாது என்று பிஷு தாவே கழற்றி, பேப்பரில் சுற்றி என் கையில் கொடுத்தார். இவ்வளவு தாழ்ந்த வண்டி இடது பக்கம் சாய்ந்தால் ஸ்டாண்டு ரோட்டில் குத்தும், பின் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிவிடும் என்றார். எங்கள் இரண்டு பேரிடமும்தான் சொன்னார்.

நல்ல வேலை அது. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

வீட்டு வாசலில் என்னை அதில் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன்.

"அப்பா, இங்க வந்து பாரேன். தாதாவோட முட்டி காதுல இடிக்கறது! சர்க்கஸ்ல கரடி சைக்கிள் ஓட்டுமே, அதே போஸ்."

அப்பா சிரித்தார். மாடி வீட்டுக் காமு மாமி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வந்தது என்று யாரும் சொல்லமுடியாது.

கராஜில் கருவிகளுக்குச் செய்யும் விஸ்வகர்மா பூஜை எப்போதோ முடிந்துவிட்டது. எங்கள் வீட்டில் நவமியன்றுதான் ஆயுத பூஜை. கீழே பார்க்கிங்கில் வண்டி சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்பதைப் பார்த்து அப்பா முகம் சுளித்தார்.

"பூஜையன்னிக்கு இப்படியாடா கோணிண்டு நிக்கும்? அந்த நடு ஸ்டாண்டை மாட்டு. நேரா நிறுத்தினாத்தான் சந்தனம் குங்குமம் வெக்க முடியும்."

மாட்டினேன். தாழ்ந்த வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்ற ஓர் ஆள் போதாது. அப்பாவும் ஒரு கை பிடித்துத் தூக்கினார். மாதங்கி சாமந்திச் சரம் சுற்றினாள். இதுவரை நான் செய்ததெல்லாம் பிறர் கேட்டுச் செய்தது. அதைக் கவனிக்கவேண்டும்.

மறுநாள் தசமி. இரண்டு பேரும் துர்கா பூஜைப் பந்தலுக்குப் போய்விட்டார்கள். ஸ்டாண்டைக் கழற்றத்தான் ஸ்பேனரோடு கீழே போனேன். கழற்றுவதற்கு முன், பிஷு தா சொன்னது நிஜமா என்று பார்க்கத் தோன்றியது. வண்டியைப் பின்கட்டுச் சிமெண்டுத் தரையில் மெல்ல ஓட்டி இடது பக்கம் சாய்த்தேன். அதிகம் சாய்க்கவேண்டியிருக்கவில்லை. கரகரவென்று ஒரு சத்தம். பின் சக்கரம் ஒரு நொடி காற்றில் சுற்றியது. நான் காலை ஊன்றிக்கொண்டேன். என் கால் நீளம். தரையில் வெள்ளையாக ஒரு கீறல். அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் தெருவிலிருந்து கரியாஹாட் ரோடுக்கு இடது பக்கம் திரும்பவேண்டும். அந்தத் திருப்பத்தில் தார் மேல் தார் போட்டு ரோடு வீங்கியிருக்கும். மாதங்கி அங்கே வேகத்தைக் குறைப்பதில்லை.

பிறகு ஸ்பேனரை வைத்துவிட்டு ரம்பத்தை எடுத்தேன். சென்டர் ஸ்டாண்டில் காலால் மிதிப்பதற்கு ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். வெளியே தெரிவது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் எஞ்சினுக்கு அடியில் கறுப்போடு கறுப்பாகக் கிடக்கும். நாக்கை அறுத்தேன். அறுத்த இடத்தில் கறுப்பு பெயிண்ட் அடித்தேன். ஸ்டாண்டை அப்படியே விட்டுவிட்டேன்.

சாயங்காலம் மாதங்கி சந்தேஷ் ஸ்வீட் டப்பாவோடு வந்தாள்.

"தாதா, ஸ்டாண்டைக் கழட்டிட்டியோல்லியோ?"

"கழட்டியாச்சு."

"ஷுபோ பிஜோயா" என்று விஜயதசமி வாழ்த்துச் சொல்லிக் குனிந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இங்கே அன்றைக்குச் சின்னவர்கள் எல்லோரும் பெரியவர்களுக்குச் செய்வதுதான். அவள் தலையில் கை வைத்து, "நன்னா இரு" என்றேன். என் வாயில் ஒரு சந்தேஷைத் திணித்துவிட்டுப் போனாள்.

லீவு முடிந்து பேங்க் திறந்த காலையில் நான் தூங்கவில்லை. எங்கள் பால்கனியில் நின்றேன். அங்கிருந்து திருப்பம் தெரியும். மேட்டில் ஏறும்போது வண்டி இடது பக்கம் சாய்ந்தது. பின்பக்கம் தூக்கிக்கொண்டது. சத்தம் இவ்வளவு தூரம் கேட்கவில்லை. அவள் விழுந்தாள். பின்னால் வந்த மினிபஸ் பிரேக் பிடித்தது, ஆனால் நிற்கவில்லை.

இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

அவள் ஒரு தடவை விழுந்தால் பயந்துபோய் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள் என்பதுதான் என் எண்ணம். மினிபஸ் என் எண்ணத்தில் இல்லை. அந்த நேரத்தில் அங்கே மினிபஸ் வராத நாள் கிடையாது என்பதும் உண்மைதான்.

ரோடு மோசம் என்று போலீஸ்காரர்கள் முடித்துக்கொண்டார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். வண்டி திரும்பி வந்ததும் ஸ்டாண்டைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டேன். பழைய ஷாக்குகளை மாட்டினேன். ஃபோர்க்கை இறக்கி, பழைய இடத்தில் இறுக்கினேன். உட்கார்ந்து பார்த்தேன். கால் சரியாக இருந்தது.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து அவளை அழைத்து வந்தார்கள். சோபாவில் காலை மறைத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காமு மாமி ரசம் கொண்டுவந்திருந்தாள்.

"அப்பா, வண்டியை விக்க வேண்டாம். தாதாவே வெச்சுக்கட்டும். தான் எறக்கின வண்டியாலதான் இப்படி ஆச்சுன்னு மனசு ஒடைஞ்சு போயிருக்கான் பாவம்" என்றாள் மாதங்கி.

அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ன மனசுடீ உனக்கு" என்று காமு மாமி அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். சாவியை மாதங்கியே என் கையில் கொடுத்தாள். என் வண்டியை எனக்கே தானம் பண்ணுகிறாள், எல்லோரும் பார்த்து உருகுகிறார்கள்.

ஒரு கால் போன பிறகும் இந்த வீட்டில் நல்ல பெயர் அவளுக்குத்தான்.