இருநூறு நாற்காலி

மாஸ்டர்: மெதுவா விடுங்க... இன்னும் மெதுவா... மேடம், விடச் சொன்னது கிளச்சை. ஸ்டியரிங்கை இல்ல.

அட்மின்: நீங்க பேசிக்கிட்டே இருந்தா நான் எதைன்னு பிடிக்கிறது, எதைன்னு விடுறது மாஸ்டர்?

மாஸ்டர்: நான் இப்போ பாடம் நடத்தல. புகார் கொடுத்துக்கிட்டு இருக்கேன். மூவாயிரம் பேர் இருக்கிற நம்ம வட்டார இணையக் குழுவுக்கு நீங்க அட்மின். உங்களைத் தனியா பிடிக்கணும்னா இந்த வண்டியை விட்டா வேற இடம் ஏது? இறங்கி ஓடவும் முடியாது பாருங்க.

அட்மின்: புகாரைக் குழுவுலதான் போடணும். விதி மூணு.

மாஸ்டர்: போட்டேனே. ஒருத்தரும் கண்டுக்கல. அதுதான் புகாரே.

அட்மின்: எல்லாருக்கும் வேலை இருக்கும் மாஸ்டர்.

மாஸ்டர்: ரெண்டாவது கியர்.

அட்மின்: போட்டாச்சு.

மாஸ்டர்: அது நாலாவது. பரவாயில்ல, முன்னேற்றம்தான்.

அட்மின்: சுருக்கமா சொல்லுங்க மாஸ்டர். காலையில இருந்து இதே பொழப்புதான் எனக்கு. எங்க மூக்குக்கண்ணாடிக் கடையில எதிர்ல உக்காந்திருக்கிறவர் எழுத்துப் பலகையைப் படிக்கிறார், நான் போன்ல புகாரைப் படிக்கிறேன். மேல் வீட்டு நாய் கீழ் வீட்டுக் குழந்தையை முறைக்குதாம். காலை வணக்கம்னு பூப்படம் போடுறதை நிறுத்தணும்னு ஒருத்தர். நான் போட்ட பூவுக்கு யாரும் பதில் சொல்லலைன்னு இன்னொருத்தர். எல்லா மதமும் இருக்கு, எல்லா மொழியும் இருக்கு. அத்தனை பேரும் ஒத்துமையா செய்யறது ஒண்ணே ஒண்ணுதான். என்னைத் திட்டுறது.

மாஸ்டர்: யாராலயும் முடியாத ஒத்துமை. பெருமைப்படுங்க... இண்டிகேட்டர்.

அட்மின்: போட்டேன்.

மாஸ்டர்: அது வைப்பர். கண்ணாடி சுத்தமாகட்டும், கண்ணாடிக்கடைக்காரங்க வண்டி ஓட்டுறாங்க.

அட்மின்: பேசாம எங்க வீட்டுக்காரர்கிட்டயே கத்துக்கிட்டிருக்கலாம்.

மாஸ்டர்: கத்துக்கிட்டீங்களே, ரெண்டு நாள். மூணாவது நாள் உங்களைக் கொண்டுவந்து இங்க விட்டுட்டு, "குடும்பத்தைக் காப்பாத்துங்க மாஸ்டர்"னு சொல்லிட்டுப் போனாரு மனுஷன்.

அட்மின்: புகாரைச் சொல்லுங்க.

மாஸ்டர்: முன்னெல்லாம் நான் ஒரு வரி எழுதினா பத்துப் பேர் சட்டையைப் பிடிக்க வருவாங்க. ஒரு அம்மா, மக பாடுறதை வீடியோ எடுத்துப் போட்டாங்க. "பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடியெல்லாம் பத்திரமா?"ன்னு கேட்டேன். ஊரே திரண்டு வந்துச்சு.

அட்மின்: அந்தப் பொண்ணு ரெண்டு நாள் பள்ளிக்கூடம் போகல மாஸ்டர்.

மாஸ்டர்: ...அது தப்பு. தெரிஞ்சதும் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். உங்களுக்குத் தெரியாது.

அட்மின்: தெரியாது.

மாஸ்டர்: ஆனா அதுல இருந்து ஒருத்தர் வரல மேடம், சண்டைக்கு. சங்கத் தலைவர் தலைக்குச் சாயம் அடிச்சுக்கிட்டுப் படம் போட்டாரு. "கூரை புதுசு, சுவர் பழசு"ன்னு எழுதினேன். அவருக்குக் கோபம் வரணுமா இல்லையா?... சிரிக்கிறீங்களா?

அட்மின்: இருமல்.

மாஸ்டர்: மூவாயிரம் பேரும் ஒரே நாள்ல ஞானி ஆயிட்டாங்களா?

அட்மின்: மக்கள் பக்குவப்பட்டுட்டாங்க.

மாஸ்டர்: நாய் முறைக்குதுன்னு புகார் கொடுக்கிற மக்களா?... பள்ளம், பார்த்து. ஒரே ஒரு ஆள் மட்டும் எல்லாத்துக்கும் சிரிப்பு போடுது. நீலக்குருவின்னு பேரு. யாரு அது?

அட்மின்: உறுப்பினர் விவரம் வெளியில சொல்லக்கூடாது. விதி அஞ்சு.

மாஸ்டர்: பேரு வேணாம். நல்ல ரசனை உள்ள ஆளுன்னாச்சும் சொல்லலாமா?

அட்மின்: அது... சொல்லலாம்.

மாஸ்டர்: போன வாரம் ஒண்ணு எழுதினேனே, பார்த்தீங்களா? நின்னுக்கிட்டிருந்த பஸ்ஸை உரசப் போயிட்டு, கண்ணாடியை இறக்கி அந்தப் பஸ்கிட்ட "ஸாரி"ன்னு சொன்ன ஒரு ஸ்டூடண்ட் பத்தி.

அட்மின்: எங்க பார்த்தேன். வேலை தலைக்கு மேல கிடக்கு.

மாஸ்டர்: பேரு போடல, கவலைப்படாதீங்க.

அட்மின்: யாரு கவலைப்பட்டா?... பிரேக்கை நீங்க போட்டீங்களா?

மாஸ்டர்: நானா? நான் சும்மா உக்காந்திருக்கேன். எல்லாம் நீங்கதான். அருமையா ஓட்டுறீங்க.

அட்மின்: தானா நின்ன மாதிரி இருந்துச்சு.

மாஸ்டர்: கை பழகிடுச்சுன்னா அப்படித்தான் இருக்கும். நேரா போங்க. பெட்ரோல் பங்க் தாண்டி வலது பக்கம். சரி, என் சண்டையை விடுங்க. நாளைக்குக் காலையில என் சொந்த டிரைவிங் ஸ்கூல் திறப்பு. இருபது வருஷமா அடுத்தவன் போர்டை வண்டி மேல வச்சு ஓட்டினேன். நாளையில இருந்து என் போர்டு.

அட்மின்: தெரியும். குழுவுல... இல்ல, யாரோ சொன்னாங்க.

மாஸ்டர்: குழுவுல அழைப்புப் போட்டு ஒரு வாரம் ஆச்சு. மொத்த வட்டாரமும் வாங்க, முதல் பாடம் இலவசம்னு. நான் கிண்டல் பண்ணாம எழுதின ஒரே பதிவு அதுதான். அதுக்கும் பதில் இல்ல. குருவி மட்டும் கட்டாயம் வர்றேன்னுச்சு. மத்தவங்க நேர்ல வந்து அசத்தலாம்னு இருக்காங்க போல. அந்த நம்பிக்கையில இருநூறு நாற்காலிக்குச் சொல்லிட்டேன்.

அட்மின்: எத்தனை?

மாஸ்டர்: இருநூறு. குறைச்சலோ?... மேடம், வண்டி நின்னுடுச்சு.

அட்மின்: நின்னா நிக்கட்டும். இருநூறு எதுக்கு மாஸ்டர்?

மாஸ்டர்: மூவாயிரத்துல இருநூறு பேர் வரமாட்டாங்களா? வண்டியை எடுங்க, பின்னாடி ஹார்ன் அடிக்கிறான்.

அட்மின்: அடிக்கட்டும்... எடுக்கிறேன், எடுக்கிறேன். நான் ஒண்ணு பண்றேன். அந்த அழைப்பை என் பேர்ல இன்னொரு தடவை போடுறேன்.

மாஸ்டர்: ஒரே செய்தியை ரெண்டு தடவை போடக்கூடாது. விதி ஏழு.

அட்மின்: விதி நான் வச்சதுதானே.

மாஸ்டர்: அதுக்காக? பால்காரர் அறிவிப்பை ரெண்டாவது தடவை போட்டாருன்னு பத்து நாள் வெளிய நிறுத்தினீங்களே. அவருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? நாளைக்கு ஊர் என்ன பேசும்?

அட்மின்: அப்போ நாற்காலியைக் குறைங்க.

மாஸ்டர்: ஏன், யாரும் வரமாட்டாங்களா?

அட்மின்: அப்படிச் சொல்லல.

மாஸ்டர்: நீங்க எதையுமே சொல்லல. மூணு தெருவா முழுங்கிக்கிட்டே வர்றீங்க. பெட்ரோல் பங்க் வந்தாச்சு, வலது பக்கம்.

அட்மின்: மாஸ்டர்... ஒண்ணு சொன்னா கோபப்படக்கூடாது.

மாஸ்டர்: விதி எத்தனை?

அட்மின்: விளையாடாதீங்க. உங்க அழைப்பை யாரும் பார்க்கல.

மாஸ்டர்: வேலையா இருந்திருப்பாங்க.

அட்மின்: பார்க்க முடியாது. அந்தப் பொண்ணு விஷயத்துக்குப் பிறகு உங்க மேல புகார் குவிஞ்சு போச்சு. தூக்கிடு, தூக்கிடுன்னு ஆளாளுக்கு. உங்களை வெளிய அனுப்ப மனசு வரல. ஒரு பூட்டு இருக்கு... அதைப் போட்டுட்டேன். நீங்க எழுதினா உங்க போன்ல தெரியும். என் போன்ல தெரியும். வேற யாருக்கும் தெரியாது. எழுதினவருக்கே பூட்டு இருக்கிறது தெரியாது.

மாஸ்டர்: அப்போ தலைவரோட கூரை?

அட்மின்: தலைவர் பார்க்கல.

மாஸ்டர்: சரி. பூட்டைத் திறந்து விட்டுடுங்க, முடிஞ்சு போச்சு.

அட்மின்: திறந்தா இத்தனை மாசம் நீங்க எழுதினதெல்லாம் ஒரே நேரத்துல வந்து கொட்டும் மாஸ்டர். கூரை, நாய், பல்டாக்டர் பல்லு, பேங்க் மேனேஜர் பாடின தாலாட்டு, எல்லாம். திறப்பு விழாவுக்கு வருவாங்க, கல்லோட வருவாங்க. திறக்கவும் முடியல, மூடி வைக்கவும் முடியல. புலி வாலைப் பிடிச்ச மாதிரி ஒரு வாரமா தூக்கம் இல்ல எனக்கு.

மாஸ்டர்: ...அப்போ குருவி?

அட்மின்: குருவியும் நான்தான். கீச் கீச்னு கத்தி வேற காட்டணுமா?

மாஸ்டர்: ரோட்டைப் பாருங்க. ரோட்டைப் பார்த்துக்கிட்டே பேசுங்க.

அட்மின்: ஒருத்தர்கூட சிரிக்கலைன்னா பூட்டு இருக்கிற ஆளுக்குச் சந்தேகம் வந்துடும். அதனால பொய்ப் பேர்ல ஒரு சிரிப்பு போட்டு வைப்பேன். எல்லாப் பூட்டுக்கும் அப்படித்தான். வேலை. ஆனா உங்களுது... நாள் பூரா புகாரா படிச்சு ஓய்ஞ்சு போய், கடைசியா உங்களுதைத்தான் எடுப்பேன். கடையில ஆள் இருந்தா படிக்கமாட்டேன். சிரிச்சு மானம் போயிடும். அது பொய்ச் சிரிப்பு இல்ல மாஸ்டர். திட்டணும்னா திட்டுங்க.

மாஸ்டர்: எதுக்குத் திட்டணும்?

அட்மின்: உங்களைச் சுவத்தோட பேச விட்டுட்டு வேடிக்கை பார்த்திருக்கேன்.

மாஸ்டர்: மேடம், என் வீட்டுக்காரி அதே குழுவுலதான் இருக்கா.

அட்மின்: ...எந்தப் பேர்ல?

மாஸ்டர்: உறுப்பினர் விவரம். விதி அஞ்சு. பூட்டு போட்ட முதல் வாரமே அவ போனை வாங்கிப் பார்த்தேன். நான் எழுதினது ஒண்ணுகூட இல்ல. "உனக்கு வாய்ப்பூட்டு போட்டுட்டாங்கய்யா, புண்ணியவதி யாரோ"ன்னு அவ கையெடுத்துக் கும்பிட்டா.

அட்மின்: அப்போ அன்னைக்கிருந்தே தெரியுமா? தெரிஞ்சுமா எழுதினீங்க? யாருமே படிக்காததை?

மாஸ்டர்: யாருமே இல்லைன்னு எப்படிச் சொல்ல முடியும்? ஒரு குருவி படிச்சுக்கிட்டு இருந்துச்சே. மூவாயிரம் பேருக்கு எழுதினேன், மூவாயிரம் பேரும் அடிக்க வந்தாங்க. ஒருத்தருக்கு எழுதினேன், ஒருத்தர் சிரிச்சாங்க. எனக்கு அது போதும்னு இருந்துச்சு மேடம்.

அட்மின்: அந்தக் குருவி நான்தான்னு?

மாஸ்டர்: அது போன வாரம்தான் தெரிஞ்சுது. நான் பஸ்ஸுன்னு எழுதினேன். "பஸ் இல்ல, குப்பை லாரி"ன்னு குருவி வந்து திருத்திட்டுப் போச்சு. அன்னைக்கு வண்டியில இருந்தது நாம ரெண்டு பேர்தான். லாரியில ஆளே இல்ல.

அட்மின்: ஐயோ... லாரின்னா லாரின்னு எழுத வேண்டியதுதானே. எனக்குத் தப்பா ஒண்ணைப் பார்த்தா கை சும்மா இருக்காது.

மாஸ்டர்: தெரிஞ்சுதான் பஸ்ஸுன்னு எழுதினேன்.

அட்மின்: எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே மூணு தெருவா என்னை வறுத்து எடுத்திருக்கீங்க. ஒரு பூட்டு போட்டதுக்கு இவ்வளவு பெரிய தண்டனையா?

மாஸ்டர்: தண்டனையெல்லாம் இல்ல. உங்க மேல பழி போட எனக்கும் தகுதி கிடையாது. மூணு வாரமா "அருமையா ஓட்டுறீங்க"ன்னு சொன்னேனே... நீங்க ஓட்டல மேடம். கிளச்சு, பிரேக்கு ரெண்டும் என் கால்கிட்ட இன்னொரு ஜோடி இருக்கு பாருங்க. நான்தான் ஓட்டினேன். உங்களுக்குத் தெரியாம இருக்க, நடுநடுவுல பாராட்டும் போட்டேன். வேலை.

அட்மின்: அப்போ அந்த ஏத்தத்துல நிறுத்தி எடுத்தேனே, அது?

மாஸ்டர்: நான்.

அட்மின்: சந்துல திருப்பினது?

மாஸ்டர்: ஸ்டியரிங் நீங்க. மிச்சம் நான்.

அட்மின்: வீட்டுல போய் மார்தட்டிக்கிட்டேனே மாஸ்டர்... அப்போ இப்போ ஓட்டுறதும் நீங்கதானா?

மாஸ்டர்: பெட்ரோல் பங்க் தாண்டினதுல இருந்து சம்மணம் போட்டு உக்காந்திருக்கேன். குனிஞ்சு பார்க்காதீங்க, ரோட்டைப் பாருங்க. திட்டுறப்போ நல்லா ஓட்டுறீங்க... அதோ, நீல ஷட்டர். அதுதான் நம்ம கடை. ஓரமா நிறுத்துங்க... அப்படித்தான். கியரை எடுத்துட்டு, ஹேண்ட் பிரேக்.

அட்மின்: இதுவா? இது பத்துக்குப் பத்துகூட இருக்காது போலிருக்கே. இதுக்குள்ள எங்க மாஸ்டர் இருநூறு நாற்காலி போடுவீங்க?

மாஸ்டர்: இருநூறுன்னு சொல்லாம சும்மா கேட்டா நீங்க வாயைத் திறந்திருப்பீங்களா? தெருக்காரங்க, அந்தப் பாட்டுக்காரப் பொண்ணு, அவங்க அம்மா, எல்லாருக்கும் நேர்ல சொல்லியாச்சு. நின்னுக்கிட்டே டீ குடிச்சுட்டுப் போவாங்க. கடைக்கு வாங்கியிருக்கிறது ரெண்டு நாற்காலிதான். ஒண்ணு எனக்கு, இன்னொண்ணு கட்டாயம் வர்றேன்னு சொன்ன குருவிக்கு. அட்மினை மட்டும் கூட்டிட்டு வந்துடாதீங்க மேடம், வாசல்லயே விதிமுறையை ஒட்டிட்டுப் போயிடுவாங்க.