பக்கத்து வீட்டுப் பசு

1. ஆவடி பட்டாளத்து முகாமில் கொசு மருந்து டின் ஒன்றை வெளியே எறிந்தார்கள்.
2. அங்கே கூலி வேலை செய்தவர் அதை வீட்டுக்கு எடுத்து வந்தார்.
3. அவர் மனைவி அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றிப் பக்கத்து வீட்டுப் பசுவுக்கு வைத்தாள்.
4. பசு செத்துப்போனது.

ரயிலில் எனக்கு எதிரே அந்த மனைவியும் அவள் அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள்.

"தெரியாம செஞ்சதுக்குப் பாவம் கெடையாதுடி."

"நேத்து வரைக்கும் தெரியாது அக்கா. அது விஷம்னு நேத்துதான் இவரு கேட்டுகினு வந்தாரு. இப்ப தெரிஞ்சிகினு சும்மா கீறேனே, அதுக்கு?"

"நீ இன்னா கோர்ட்டா, உன்னையே கேட்டுகினு?"

"பாம்பு கடிச்சிதுன்னு நெனச்சிகினு கீறாங்க. அவங்களுக்கு இருந்ததே அந்த ஒரு மாடு. அதோட கன்னுக்கு நான் கஞ்சி ஊத்தறேன்னு, பாக்கறவங்க கிட்டல்லாம் என்னைப் புகழ்றாங்க. அதான் தாங்கல."

"சொன்னா உன் ஊட்டு வாசல மிதிப்பாங்களா?"

"மாட்டாங்க. கஞ்சியும் வாங்க மாட்டாங்க. கன்னு இன்னா பண்ணும்?"

திருமுல்லைவாயிலில் இருவரும் இறங்கினார்கள்.

பிறகொரு நாள் அதே ரயிலில் அவர்கள் பேசியதைக் கேட்டேன். கன்று பிழைத்திருக்கிறது. பக்கத்து வீட்டாருக்கு இன்னும் தெரியாது.