கல்லறைக் குறி

இதில் எவ்வளவு சரியாக நினைவிருக்கிறது என்று எனக்கே நிச்சயமில்லை. என் கூட்டாளி கொலின்ஸின் மைத்துனன் நிறோஜனுக்கு நடந்தது. ஆனால் தான் இதை எனக்குச் சொல்லவேயில்லை என்கிறான் கொலின்ஸ். பிறகு யார் சொன்னது... தெரியவில்லை.

மாலை ஆறு ஐம்பது. இலுப்பைக்கடவையிலிருந்து மன்னாருக்கு வரும் வீதி. விளக்கில்லை. உப்புச் சேற்று மணம். காரின் முன் சில்லு வெடித்துவிட்டது. மாற்றுச் சில்லு இல்லை. பின் இருக்கையில் அவன் மனைவி ஜெயனி, பிள்ளைப்பேற்று வலியில்.

"நீங்கள் அந்தக் கொம்பியூட்டரையே கட்டியிருக்கலாம்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "காலமையே சொன்னனான், நோகுதெண்டு."

உண்மைதான். நிறோஜன் வெளிநாட்டுப் பங்குச் சந்தை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுபவன். அங்கே பங்குகளை வாங்க, விற்கச் சொல்லும் ஓடர்கள் கண்ணிமைக்கும் முன் வரும், இரத்தாகும். ஒவ்வொன்றையும் அழித்து இடத்தைச் சீராக்க நேரமில்லை. அதனால் அழிப்பதில்லை. ஒரு குறி மட்டும் வைப்பார்கள்: இங்கே ஒன்று இருந்தது, நிற்காமல் கடந்து போ. தேடி வரும் எதுவும் அங்கே நிற்காது. அந்தக் குறிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர், கல்லறை.

அன்று பின்னேரம் சோதித்துப் பார்க்க, ஓடர் எண்ணுக்குப் பதிலாகத் தன் பெயரைக் கொடுத்து அழித்தான். குறி விழுந்தது. அந்த நேரம் பார்த்து ஜெயனி கத்தினாள்... பெயரை எடுக்காமலே எழுதியதை நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டு எழுந்தான்.

இப்போது வீதியில், மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் நின்றார். "பயப்பிடாதேங்கோ தம்பி, ஓட்டோ ஒண்டு அனுப்பிறன்."

ஏழு மணி. அந்த வெளிநாட்டுச் சந்தை திறக்கிற, அவன் அனுப்பியது ஓடத் தொடங்குகிற நேரம்.

ஓட்டோ வந்தது. வேகம் குறைந்தது. வெளிச்சம் நிறோஜனின் முகத்தில் ஏறி... இறங்கி... அப்படியே போய்விட்டது. கத்திக்கொண்டு பின்னால் ஓடினான். பிறகு ஒரு பஸ். நடு வீதியில் நின்றான். குழியை விலத்திப் போவது போல அவனை விலத்திக்கொண்டு போனது.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. கூட வேலை செய்யும் பிரணவனுக்குப் போன் எடுத்தான்.

"ஹலோ... ஆரப்பா? நம்பரும் விழேல்லை, சத்தமும் இல்லை. பேயோ?" சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான் பிரணவன்.

கார்க் கதவு திறந்தது. ஜெயனி தானே இறங்கி, வயிற்றைப் பிடித்தபடி கையை நீட்டினாள். மீன் லொறி ஒன்று கிறீச்சென்று நின்றது.

"தனியவோ பிள்ளை வந்தனீங்கள்?" என்றார் சாரதி எட்வேட்.

"இல்லை... இவர்..." திரும்பினாள். நிறோஜன் ஒரு முழத் தூரத்தில் நின்றான். அவள் பார்வை அவனிடம் வந்தது. நிற்கவில்லை.

"ஓம். தனியத்தான்."

லொறிக் கதவைப் பிடித்தான். ஈரக் கைப்பிடி... வழுக்கியது.

ஜெயனிக்குப் பெண் பிள்ளை. இருவரும் சுகம். எட்வேட் இன்னும் மீன் ஏற்றுகிறார். பிரணவன் அந்தச் சனிக்கிழமை மென்பொருளில் இருந்த பதிவுகள் எல்லாவற்றையும் புதிதாக அடுக்கினான். குறி விழுந்த இடங்கள் அதில் தாமாகவே கழிந்துவிடும். பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயருக்கான கட்டம் வெறுமையாக இருக்கிறது. பதிவுக் கந்தோரில் ஒருவரும் கேட்கவில்லை. ஜெயனியும் சொல்லவில்லை.