டேப்பில் தெரியாத வீக்கம்

— திரும்பவும் கேக்குறேன், டெய்லர் ஐயா. ரெண்டு மாசமா உங்க சம்சாரத்துக்கு மாத்திரை ஒரு வேளைகூட தவறலையே?

— தவறல டாக்டரம்மா. தினமும் கடை திறக்குறதுக்கு முன்னாடி என் கையாலதான் குடுக்குறேன்.

— அப்புறம் ஏன் ஸ்கேன்ல மூளை வீக்கம் கூடியிருக்கு? நல்லா வடிஞ்சுக்கிட்டு வந்துச்சே!

— தையக்காரரே, எம் வீட்டுக்காரர் வர்றாரான்னு வாசல்ல கொஞ்சம் பாருங்க.

— கேட்டீங்களா டாக்டரம்மா? இருபத்திரண்டு வருஷம் என்கூட குடும்பம் நடத்தினவ. என்னைத் தையக்காரரேங்குறா! எப்படியாவது அவளை எனக்குத் திருப்பிக் குடுத்துடுங்க.

— அவங்க வேணும்னேவா செய்யுறாங்க? நோயை எதிர்க்க வேண்டிய உடம்பு மூளையையே தாக்குது. வேலியே பயிரை மேயுற கதை. அதை அடக்கத்தான் மாத்திரை.

— வீக்கத்துக்கு மாத்திரைன்னீங்க. அதைத் தின்னப்புறம்தானே மூஞ்சி, கை எல்லாம் வீங்குச்சு! வாராவாரம் டேப் வெச்சுப் பாத்தேன், கை சுத்தளவு ரெண்டு இஞ்ச் ஏறிடுச்சு. கண்ணாடியைப் பாத்து, "யாரு இந்தப் பொம்பள?"ன்னு அழுதா. என்னால தாங்க முடியல.

— உடம்பு ஊதும், போகப்போக சரியாகும்னு அன்னைக்கே சொன்னேனே.

— இப்ப சரியாயிடுச்சு. பழைய ஜாக்கெட்டே பத்துது.

— அதெப்படி? முழு மாத்திரையில இருக்கும்போது இவ்வளவு சீக்கிரம் வடியாதே?

— அது... சாப்பாடு குறைஞ்சிருக்கும்.

— சரி. முழு அளவு குடுத்தும் அடங்கலைன்னா, அந்த மருந்து இவங்களுக்குக் கேக்கலைன்னுதான் அர்த்தம். இனி பெரிய ஊசிதான். இருக்குற எதிர்ப்புச் சக்தியையும் அது அழிச்சுடும். சாதாரண சளி பிடிச்சாலே உயிருக்கு ஆபத்து. இதுல கையெழுத்துப் போடுங்க.

— உயிருக்கா?

— வேற வழி இல்லையே. என்ன, பேனாவைக் கீழ வெச்சுட்டீங்க? எதையாவது மறைக்குறீங்களா?

— என்னத்தை மறைக்கப் போறேன்? அவ இல்லேன்னா நான் செத்தேன் டாக்டரம்மா.

— தையக்காரரைத் திட்டாதீங்க டாக்டரம்மா, தங்கமான மனுஷன். என் மூஞ்சி வீங்கி நான் அழக்கூடாதேன்னு, மாத்திரையைக் கத்திரியால நாலா வெட்டி ஒரு துண்டுதான் தருவார். எம் வீட்டுக்காரர் வந்ததும் இவரைப் பத்தி நல்லபடியா சொல்லணும்.