நாலு நாளாக எரியாத மானிட்டர்

— ச்சீ, கருமம்! மானிட்டருக்குள்ளேர்ந்து இன்னும் ஒரு கரப்பான் ஓடுது பாரு. காலைத் தூக்கிக்க பாவா.

— கரப்பான் இல்லாத வூடு எங்க இருக்குது ஹேமா? தறி போட்ட வூடுன்னா பஞ்சும் பூச்சியும் இருக்கத்தான் செய்யும்.

— தறியை வித்து ரெண்டு வருஷம் ஆவுது. இது பஞ்சு இல்ல, முடி. கொத்துக் கொத்தா எங்க அக்கா முடி.

— ஆங், ரொம்பக் கொட்டுது அவளுக்கு. பேசாம மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கோன்னுகூட சொல்லிட்டேன். கேக்கல.

— நல்ல புருஷன்யா நீ. மேல ஓட்டையில காஞ்சி ஒட்டிகினு இருக்குதே, இது இன்னா?

— சாம்பார் சோறு. மானிட்டர் மேல தட்டை வெச்சுத்தான் சாப்பிடுவா. பழைய குண்டு மானிட்டருல அது ஒரு வசதி.

— அக்கா எழுந்து போய் சாப்பிடக் கூடாதா?

— எழுந்தா கை நின்னு போவுதே! இத்தினி பக்கம் டைப் அடிச்சு அனுப்பியே ஆவணும்னு கம்பெனிக்காரன் சொல்றான். நம்ம கையில இன்னா இருக்கு? தட்டை நானே கொண்டாந்து வெக்கிறேன்.

— எப்போ உக்காரும்?

— காலைல அஞ்சுக்கு. முடிக்கிறதுக்கு ராத்திரி பன்னெண்டு, ஒண்ணு ஆயிடும்.

— அதுவரைக்கும் நீ இன்னா பண்ணுவ?

— பக்கத்துலயே கட்டில்ல படுத்துகினு இருப்பேன். கண்ணு சொக்குனா எழுப்பி வுடணும்ல?

— தூ!

— யாரைப் பாத்து துப்புற?

— வாயில தூசி. ஏய், கையை எடு பாவா! பிளக்கைப் புடுங்கினாலும் உள்ளார கரண்ட் நிக்கும். தூக்கி அடிச்சா ஆள் காலி.

— எடுத்துட்டேன், எடுத்துட்டேன். பொதட்டூர்லேர்ந்து திருத்தணி வரைக்கும் பஸ்ல மடியில வெச்சுகினு வந்தேன், தொடை மரத்துப் போச்சு. சீக்கிரம் பாரு. நம்ம கையில இன்னா இருக்கு, உன்ன வுட்டா இதைத் தொடுறவன் எவனும் இல்ல.

— எப்போ நின்னுச்சு?

— செவ்வாக்கிழமை. காலைல ஸ்விட்சைப் போட்டா லைட்டே வரல. அன்னியிலேர்ந்து நாலு நாளா அவளும் சும்மா, நானும் சும்மா.

— டப்புனு சத்தம் வந்துச்சா? பொகை, கருகுன நாத்தம்?

— ஒண்ணும் இல்ல. சத்தமே போடாம செத்துச்சு.

— வயரு நல்லா இருக்குது. கரண்ட் உள்ளார வரைக்கும் வருது, ஃபியூசைத் தாண்டல. தாண்டியிருந்தா மீட்டர் கத்தும், கத்தல பாரு.

— அப்போ வேற ஃபியூஸ் போடு. ரெண்டு மணி பஸ்ஸைப் புடிக்கணும்.

— ஃபியூஸ் சும்மா போவாது. அதுக்குப் பின்னாடி எதனா ஷார்ட் ஆயிருக்கணும். இங்க ஷார்ட்டும் இல்ல, கெப்பாசிட்டர் ஒண்ணுகூட உப்பல. இரு, ஃபியூசைக் கழட்டறேன். இன்னா இது? கண்ணாடிக்குள்ள கம்பி அறுவவே இல்லியே!

— இன்னா, இன்னா?

— ஒண்ணும் இல்ல. பாவா, ஆடிக் கிருத்திகைக்கு அக்காவுக்கு ரோஸ் கலர் நகப் பாலீஷ் வாங்கிக் குடுத்தேனே, போட்டுக்குதா?

— அவளுக்கு நகம் வெட்டவே நேரம் இல்ல. இப்போ அது எதுக்கு?

— சும்மா கேட்டேன். நீ போய் டீ குடிச்சிட்டு வா. கால் மணி நேரம் ஆவும்.

— தேறாதுன்னா இப்பவே சொல்லிடு. அரக்கோணத்துல ஒரு பிளாட் மானிட்டர் பாத்து வெச்சிருக்கேன். நேரா போய் தூக்கிகினு வந்து இன்னிக்கே அவளை உக்கார வெச்சுடுவேன்.

— போ பாவா. மொதல்ல கடையை வுட்டு வெளிய போ.

— ஹலோ, அக்கா? ஹேமா பேசறேன். உன் வூட்டுக்காரு டீக்கடைக்குப் போயிருக்காரு.

— சொல்லு ஹேமா.

— ஃபியூஸ் ரெண்டு முனையிலயும் ரோஸ் பாலீஷ். கரண்ட் தாண்டாம இருக்க எவளோ தடவி வெச்சிருக்கா. நீதானே?

— ஆங்.

— போன வருஷம் நான் இந்த ஃபியூசை மாத்தறப்போ டார்ச் புடிச்சுகினு நின்னியே, அப்பவே சொன்னேன்ல, உள்ள கை வெச்சா தூக்கி அடிக்கும்னு? செத்துப் போயிருப்பக்கா!

— தெரியும். தெரிஞ்சுதான் பாலீஷை ரெண்டு வாட்டி தடவுனேன்.

— ஏன்க்கா?

— நாலு நாளு தூங்கினேன்டி. வெயில் மூஞ்சியில பட்டப்புறம் எழுந்தேன்.

— அழாதக்கா. எனக்கு அந்தாளைப் பாத்தாலே கொமட்டுது. உள்ள ஓடுற கரப்பான் எவ்ளோவோ தேவலாம். இரு, வரட்டும். இது செத்துப் போச்சு, தேறாதுன்னு சொல்லி இதை ஓட்டை ஒடைசல்ல போட்டுடறேன். நீ நல்லாத் தூங்கு.

— ஐயய்யோ, வேணாம் ஹேமா! சரி பண்ணியே குடுத்தனுப்பு. இல்லன்னா புதுசு வாங்கிகினு வந்துடுவாரு. புதுசுல ஃபியூஸ் எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாதே.