மூன்றாவது உடல்

டயர் வெடிக்கிறது. அதன் பிறகுதான் சுட்ட சத்தம் காதுக்கு வருகிறது. லோரி சாய்கிறது. ரப்பர் மரத்தில் மோதி நிற்கிறது.

"படுங்க! எல்லாரும் படுங்க!" கத்துகிறேன். "தலையத் தூக்காதீங்க லா!"

ஸ்டென் துப்பாக்கி. இடது பக்கத்துக் காட்டிலிருந்து. மூன்று மூன்றாக. பர்மாவில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறேன். டிரைவர் கோவிந்தன் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து கிடக்கிறார். ஹார்ன் நிற்காமல் அலறுகிறது. யாரோ அவரை நகர்த்திய பிறகு அடங்கியது. அந்த அமைதி ஹார்னைவிட மோசமாக இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு. கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் எமெர்ஜென்சி போட்ட புதிது. காலை நேரம். எஸ்டேட்டிலிருந்து லூபோக் சீனா பாசாருக்குச் சாமான் வாங்கப் போய்க்கொண்டிருந்தோம். லோரியின் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். என் அக்கா ஆரோக்கியம். அவள் புருஷன் அந்தோணி. நான்.

நான் அப்போது பட்டாளத்துக்காரன். இல்லை என்றும் சொல்லலாம். சின்ன வயதில் அப்பா என்னைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பினார். அங்கே வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்தேன். பர்மாவில் சண்டை போட்டேன். தொடையில் குண்டுச் சில்லு ஏறியது. பிறகு ஆஸ்பத்திரி, டிப்போ, மறுபடி ஆஸ்பத்திரி. அதற்குள் இந்தியா சுதந்திரம் வாங்கிவிட்டது. பட்டாளத்தைப் பிரித்தார்கள். என் டிஸ்சார்ஜ் எங்கோ நடுவில் மாட்டிக்கொண்டது. சிங்கப்பூரில் இறக்கினார்கள். துப்பாக்கியை வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்குப் போய் இரு, தகவல் வரும் என்றார்கள். எஸ்டேட்டில் அக்கா, மச்சான், அவர்கள் மகளோடு இருந்தேன். தகவல் வரவில்லை.

மச்சானும் பர்மாவுக்குப் போனவர்தான். வேறு பக்கம். ஜப்பான்காரன் காலத்தில், இந்தியாவை விடுவிக்கப் புறப்பட்ட படையில் சேர்ந்தவர். பாதித் தோட்டமே அப்போது போனது. திரும்பி வந்தவர்கள் கொஞ்சம். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில், ஒரே வீட்டில் இரண்டு பட்டாளத்தான்கள். ஒரே ஒருமுறைதான் அதைப் பேசினோம்.

"ஐராவதி ஆத்தை எந்த மாசம் தாண்டின?" என்று கேட்டார்.

"பிப்ரவரி, மச்சான்."

"நாங்க அக்கரையில இருந்தோம்" என்றார். பிறகு அக்காவைக் கூப்பிட்டார். "ஆரோக்கியம், தம்பிக்குச் சோறு போடு."

அவ்வளவுதான்.

இப்போது லோரியின் பலகையோடு பலகையாகக் கிடக்கிறோம். காட்டிலிருந்து நான்கு பேர் வருகிறார்கள். கம்யூனிஸ்டுகள். ஒருவன் தமிழன். குரல் கேட்கிறது.

"பட்டாளத்துக்காரன் எவன்? கீழ எறங்குடா!"

யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் எழப் போனேன். பிடரியில் ஒரு கை விழுந்தது. மச்சான் கை. பலமாக அழுத்தினார்.

"படு. நான் பேசிக்கிறேன்."

அக்கா அவர் சட்டையைப் பிடித்தாள். விலக்கிவிட்டு இறங்கினார்.

"நான்தான் பட்டாளத்தான்" என்றார். "ஆனா வெள்ளைக்காரனை எதிர்த்துச் சண்டை போட்டவன் லா. பர்மாவில. அவன் ஜெயில்ல கஞ்சி குடிச்சவன். என்னையா சுடப் போற?"

அவர்கள் மலாயில் ஏதோ கேட்டார்கள். மச்சானும் மலாயில் சொன்னார். துப்பாக்கி தாழ்ந்தது. பலகை இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவன் சிரித்தான். சிகரெட் கேட்டான். மச்சான் பாக்கெட்டில் கை விட்டார்.

வளைவில் ராணுவ லோரி.

எச்சரிக்கை இல்லை. ரைஃபிள் சத்தம். ஒற்றை ஒற்றையாக. நான் பர்மாவில் தூக்கிய அதே துப்பாக்கி. அந்தச் சத்தத்தை நான் வேறு எதனோடும் குழப்பமாட்டேன். "சுடாதீங்க! எங்க ஆளு! எங்க ஆளு!" கத்தினேன். தமிழில் கத்தினேன். பிறகு இங்கிலீஷில். மச்சான் பாக்கெட்டில் கை விட்டபடியே விழுந்தார். காட்டுக்காரர்களில் இரண்டு பேர் விழுந்தார்கள். மற்றவர்கள் மரங்களுக்குள் ஓடிவிட்டார்கள்.

டவுன் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் மூன்று உடல்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஜனங்கள் பார்க்கவேண்டும் என்று. மூன்றாவது மச்சான். அக்கா கம்பி வேலிக்கு வெளியே நின்றாள். அழவில்லை. ஈ மொய்க்கிறது, ஒரு துணியாவது போடச் சொல் என்று மட்டும் என்னிடம் சொன்னாள்.

லயத்துக்குப் போய் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வந்தேன். வெள்ளைக்கார அதிகாரிக்கு சல்யூட் அடித்தேன். பக்கத்தில் ஸ்டேஷன் குமாஸ்தா, ஒரு தமிழ் கிராணி, மொழிபெயர்த்தார்.

"அவன் 'நான்தான்'னு எந்திரிச்சானா இல்லையான்னு சார் கேக்கிறாரு."

"எந்திரிச்சாரு."

"அவங்களோட சிரிச்சுப் பேசினானா?"

"எங்களைக் காப்பாத்தப் பேசினாரு."

"சிகரெட் குடுத்தானாமே?"

"எடுக்கிறதுக்குள்ள சுட்டுட்டீங்க."

கிராணி அதை மொழிபெயர்க்கவில்லை. குனிந்து மெதுவாகச் சொன்னார். "தம்பி, நீ இன்னும் சர்வீஸ்ல இருக்கிற. டிஸ்சார்ஜ் வர்ற நேரம். இதுக்கு மேல பேசினா உள்ள தள்ளிருவாங்க. போயிரு லா."

அவர் சொல்லாததை நானே இங்கிலீஷில் சொன்னேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் பட்டாளத்து இங்கிலீஷ். சுட்டது உங்கள் ஆள். செத்தது என் அக்கா புருஷன். உடலைக் கொடுங்கள். அதிகாரியின் முகம் சிவந்தது. என்னை அறையில் வைத்துப் பூட்டினார்கள். இருட்டும் முன் திறந்தார்கள். உடலைக் கொடுத்தார்கள். வாக்குமூலத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் மாதா கோயில் கல்லறையில் அடக்கம். தோட்டத்திலிருந்து ஆறு பேர்தான் வந்தார்கள். மற்றவர்களுக்குப் பயம். காட்டுக்காரர்களுக்கு வெள்ளைக்காரன் வைத்த பேர் பேண்டிட்; பேண்டிட் சாவுக்குப் போனான் என்று பேர் வந்துவிடுமே. தூக்க ஆள் போதவில்லை. அக்கா ஒரு பக்கம் பிடித்தாள்.

மானேஜர் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார். அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு தெங்கேராவுக்குப் போனாள். ஒரு கடைக்கார வீட்டில் சமையல். எனக்கு டிஸ்சார்ஜ் பிறகு வந்தது. அதைக் கையில் வாங்கியபோது ஒன்றும் தோன்றவில்லை. இன்றும் ஹார்ன் நிற்காமல் அடித்தால் தரையில் படுத்துவிடுகிறேன். பிடரியில் அந்தக் கை அழுத்துகிறது.

அந்தக் காலையில் செத்தவர்கள் இவர்கள். கோவிந்தன், லோரி டிரைவர், பெம்பான் பக்கத்து ஆள். காட்டிலிருந்து வந்த இருவர். அவர்கள் பெயரை யாரும் கேட்கவில்லை. ஒருவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. அந்தோணி, பாலுக்கு ரப்பர் மரம் வெட்டுகிறவர், ஒரு பெண்ணுக்கு அப்பா.

நான்கு பேர். ரேடியோவில் பேண்டிட் மூன்று என்றார்கள். இரண்டு.